ஊரையே பாடமாக்குகிறவர்கள்

பள்ளிப் பிள்ளைகளைக் குளத்தங்கரைக்கும் கடற்கரைக்கும் அலையாத்திக் காட்டுக்கும் அழைத்துப் போகும் சுற்றுச்சூழல் கல்வி ஒருங்கிணைப்பாளர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன? அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் பிறக்கும்போதே பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை வந்துவிடும். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். மரக்கன்று நடுங்கள், உறுதிமொழி எடுங்கள், படம் எடுத்து அனுப்புங்கள். தென்காசிக்கும் ராமநாதபுரத்துக்கும் அது ஒரே வாசகத்தோடுதான் போய்ச் சேரும். ஆனால், அந்த இரண்டு ஊருக்கும் வானம் வேறு வேறு. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நேரத்தில் ராமநாதபுரத்தில் மண் அனலாய்க் கொதிக்கும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. கடலோர மாவட்டங்கள் நம்பியிருப்பது அதைத்தான். அங்கே ஜூனில் நட்ட கன்று, மழை வரும்வரை நான்கு மாதம் குடத்துத் தண்ணீரில் பிழைக்க வேண்டும். சனி, ஞாயிறு அந்தக் குடத்தைத் தூக்குவது யார்?

தன் மண்ணை அறிந்த ஓர் ஒருங்கிணைப்பாளர் அந்த மாவட்டத்தில் இருந்தால், ஜூனில் பிள்ளைகளுக்கு வேறு வேலை கொடுப்பார். அது வேப்பம்பழம் உதிரும் காலம். வேப்பங்கொட்டையின் முளைப்புத் திறன் சில வாரங்களில் போய்விடும். பழத்தைப் பொறுக்கிய கையோடு சதையை நீக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி, மண் நிரப்பிய பைகளில் ஊன்றிவிட வேண்டும். ஜூனில் விதை பொறுக்கிய பிள்ளைகள் ஜூலையில் முளை பார்ப்பார்கள். அக்டோபரில் முதல் மழை நனைத்த மண்ணில், தாங்களே வளர்த்த கன்றை நடுவார்கள். விதைக்கு ஆயுள் உண்டு, மழைக்குப் பருவம் உண்டு, காத்திருப்பதும் வேலைதான் என்பதெல்லாம் அந்த நான்கு மாதத்தில் அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

சுற்றுச்சூழல் கல்வி ஊருக்கு ஊர் மாற வேண்டிய கல்வி. மாநிலத்துக்கோ நாட்டுக்கோ பொதுவாக எழுதப்பட்டதை ஓர் ஊரின் மழைக்கும் மண்ணுக்கும் தொழிலுக்கும் ஏற்ப மாற்றித் தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நம்மிடம் இருக்கிறார். அவருக்கு நேரம்தான் இல்லை.

எல்லாம் கூடுதல் பொறுப்பு

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-02ஆம் ஆண்டில் ‘தேசிய பசுமைப் படை’ திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிக்கு ஒரு சுற்றுச்சூழல் மன்றம்; அதில் 30 முதல் 50 மாணவர்கள்; அவர்களுக்கு ஒரு பொறுப்பாசிரியர். மாவட்டத்துக்கு 100 பள்ளிகளோடு தொடங்கி, பின்னர் 250 வரை விரிந்தது. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இதில் சேர்ந்தன. திட்டங்களின் பெயரும் வடிவமும் அண்மை ஆண்டுகளில் மாறிவந்தாலும், அடித்தளம் இந்தப் பள்ளி மன்றங்கள்தான். மாவட்டத்தின் மன்றங்களை எல்லாம் இணைத்து நடத்துபவர் மாவட்ட ஒருங்கிணைப்பாளர்.

தமிழகத்தில் இந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களே சுமக்கிறார்கள். அறிவியலோ தமிழோ, அவரவர் பாடத்தை நடத்தியாக வேண்டும். தேர்வுத்தாள் திருத்தியாக வேண்டும். தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் இருநூற்றுச் சொச்சம் பள்ளிகள். மாலை மணி அடித்த பிறகுதான் அவருடைய இரண்டாவது வேலைநாள் தொடங்கும். எந்தப் பள்ளியில் பொறுப்பாசிரியர் மாறுதலாகிப் போனார், எங்கே தலைமையாசிரியர் புதிதாக வந்திருக்கிறார், சனிக்கிழமைப் பயிற்சிக்கு எத்தனை பேர் வருவார்கள், வருபவர்களுக்கு அன்றைய நாளைப் பணிநாளாகக் கணக்கிடும் ஓ.டி. கிடைக்குமா, சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று போன் ஓயாது. ஆண்டு முடிவில் ஒவ்வொரு பள்ளியிடமும் யூ.சி. வாங்க வேண்டும். பணம் செலவானதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் அது. ஒரு பள்ளி தராவிட்டாலும் அடுத்த தவணை சிக்கும்.

அந்தப் பணம் எவ்வளவு? ஒரு மன்றத்துக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயாகத் தொடங்கி, பின்னர் 5,000 ரூபாயாக உயர்ந்தது. மன்றத்தில் 50 பேர் என்றால் தலைக்கு 100 ரூபாய். ஒரு வேன் வாடகைக்குக்கூடக் காணாத தொகை. ஆனாலும் பல மாவட்டங்களில் பிள்ளைகள் வெளியே போகிறார்கள். பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசி, முன்னாள் மாணவர்களைப் பிடித்து, வனத்துறையின் வண்டியைக் கேட்டு வாங்கி, போதாததற்குத் தன் பையிலிருந்தும் போட்டு ஒருவர் அதை நடத்தியிருப்பார்.

சட்டம் சொன்னது, நிறுவனங்கள் செய்தது

1977 அக்டோபரில் ஜார்ஜியாவின் டிபிலிசி நகரில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் கூட்டிய மாநாடு, சுற்றுச்சூழல் கல்விக்கு ஐந்து இலக்குகளை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. இன்றைக்கும் இந்தத் துறையில் இருப்பவர்கள் அளவுகோலாக வைத்துக்கொள்வது அதைத்தான். நம் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை முதல் இலக்கான விழிப்புணர்வோடு நின்றுவிடுகின்றன. ஊர்வலம், ஓவியப் போட்டி, உறுதிமொழி. திறனுக்கும் பங்கேற்புக்கும் பிள்ளையைக் கொண்டுபோக ஒரு நாள் விழா போதாது. ஆண்டு முழுக்கக் கூடவே நிற்கும் ஆள் தேவை.

இந்தியாவில் 1984இல் அகமதாபாத்தில் கார்த்திகேய சாராபாய் தலைமையில் சுற்றுச்சூழல் கல்வி மையம் தொடங்கியது. 1989இல் சென்னை எல்டாம்ஸ் சாலையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் வந்தது. தென் மாநிலங்களின் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கையேடுகளும் தருவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. 1986இல் தொடங்கிய தேசியச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு இயக்கத்தில், வட்டார நிறுவனங்கள் வழியாகச் சிறு அமைப்புகளுக்கு நிதி போனது. டெல்லியில் எழுதும் ஒரே திட்டம் எல்லா ஊருக்கும் பொருந்தாது, நடுவில் வட்டாரத்தை அறிந்தவர்கள் வேண்டும் என்ற தெளிவு அப்போதே இருந்தது.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் முக்கியமான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. சுற்றுச்சூழலைப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும். திரையரங்குகளில் ஸ்லைடு காட்ட வேண்டும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிகழ்ச்சிகள் வர வேண்டும். பாடம் வந்தது. புத்தகத்தில் ஏரியின் படம் வந்தது. ஆனால், பள்ளிக்குப் பின்னாலேயே இருக்கும் ஏரிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதை எந்தத் தீர்ப்பும் செய்து தர முடியாது. அது ஒருங்கிணைப்பாளரின் கையில் இருக்கிறது.

குளத்தங்கரையில் ஒரு காலை

அந்த வேலை சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதைத் தாமிரபரணிக் கரையில் பார்க்கலாம். மணிமுத்தாற்றில் இயங்கும், ஏட்ரீ சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஜனவரி மாதங்களில் நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பை ஒருங்கிணைத்து வருகிறது. நெல்லை, தூத்துக்குடி வட்டாரக் குளங்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் குழுக்களாகப் பிரிந்து எண்ணுகிறார்கள்.

ஆயிரக்கணக்கில் மிதக்கும் நாமக்கோழிகளை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்று மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அகலத்தை அளவாக வைத்துக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும்: பத்து, இருபது, முப்பது. பெரிய கூட்டமென்றால் நூறு நூறாக. பறவைகள் கிளம்பிப் பறந்தால் எந்தத் திசைக்குப் போயின என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர்க்கரையில் நிற்கும் குழு அவற்றை மறுபடி எண்ணிவிடும். புதிதாக வந்த மாணவர் மஞ்சள்மூக்கு நாரையையும் நத்தைக்குத்தி நாரையையும் முதலில் குழப்பிக்கொள்வார். நத்தைக்குத்தியின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி தெரியும் என்று ஒருமுறை காட்டிவிட்டால், அப்புறம் அவரே அடுத்தவருக்குச் சொல்லித் தருவார்.

பறவைக் கணக்கோடு வேலை முடிவதில்லை. குளத்தில் தண்ணீர் எவ்வளவு, கரையில் குப்பை கொட்டியிருக்கிறதா, ஆக்கிரமிப்பு உண்டா என்பதையும் எழுத வேண்டும். இந்த வட்டாரத்தில்தான் கூந்தன்குளம் இருக்கிறது. இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இறங்கும் இடம், 1994இல் சரணாலயமானது. பறவைகள் வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்பி, வீட்டு மரங்களிலேயே அவை கூடுகட்ட இடம் கொடுக்கிற ஊர். எச்சம் கலந்த குளத்து வண்டலை உழவர்கள் வயலுக்கு உரமாகக் கொண்டுபோவார்கள். பறவை, மரம், மனிதர், வயல் என்று ஒரு சுழற்சியே அங்கே கண்முன் நடக்கிறது.

இப்படி ஒரு காலைப்பொழுது அமைய, வாரக்கணக்கில் முன்வேலை நடந்திருக்க வேண்டும். பெற்றோர் ஒப்புதல் கடிதம், தலைமையாசிரியர் அனுமதி, இருநோக்கிகளை இரவல் வாங்குவது, விடியற்காலை பேருந்து இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு வண்டி, பெண் பிள்ளைகள் போய்வரக் கழிப்பறை உள்ள இடம், முதலுதவிப் பெட்டி, காலைப் பலகாரம். இதில் ஒன்று தவறினாலும் அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி பிள்ளைகளை அனுப்பத் தயங்கும்.

பரீட்சைக்கும் பருவத்துக்கும் நடுவில்

நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் வலசை வந்திருக்கும். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். இயற்கை திறந்து கிடக்கும் மாதங்கள் இவை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் மார்ச்சில் பொதுத்தேர்வும் வருவதும் இதே மாதங்களில்தான். திறமையான ஒருங்கிணைப்பாளர்கள் இரண்டுக்கும் நடுவில் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தமிழகத்துப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளி விடுமுறை, பிள்ளைகள் ஊரில், வயலில் அறுவடை. காலையில் வரப்பில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை எழுதினால் போதும்; வேனும் வேண்டாம், அனுமதிக் கடிதமும் வேண்டாம்.

அண்டை மாநிலமான கேரளத்தில் வேறொரு வழி. ‘சீசன் வாட்ச்’ திட்டத்தில் ஒரு மாணவர் தன் பள்ளி வளாகத்திலேயே ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை அதன் தளிர், பூ, காய் எந்த நிலையில் இருக்கின்றன என்று பதிவு செய்கிறார். மாத்ருபூமி நாளிதழ் 2009இல் தொடங்கிய ‘சீட்’ இயக்கத்தின் பள்ளிகள் இதில் பெருமளவில் சேர்ந்தன. விஷுவை ஒட்டிப் பூக்கும் கொன்றை இந்த ஆண்டு எப்போது பூத்தது என்பதற்கு அங்கே பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப்புத்தகம் சாட்சி சொல்லும். பருவநிலை மாற்றம் என்ற பெரிய விஷயம் ஒரு மரத்தடியில் பிடிபடுகிறது.

சென்னைக் கடற்கரையில் இரவே வகுப்பறை. 1970களில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் தொடங்கிவைத்த ஆமை நடையை, 1988 முதல் மாணவர்களே அமைப்பாகத் திரண்டு தொடர்ந்து நடத்துகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து ஆமையின் தடத்தைத் தேடுகிறார்கள். தடம் முடியும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். முட்டைக் குழிக்கு மேல் மண் இளகியிருக்கும், குச்சி சட்டென்று இறங்கும். ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும். நாய்களிடமிருந்தும் ஆட்களிடமிருந்தும் காப்பாற்ற, அவற்றைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் குழி தோண்டி வைக்கிறார்கள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்று அந்த இடத்தில் சொன்னால், புவி வெப்பமாதலைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவு தேவைப்படாது.

‘ஏன்’ என்று கேட்கும் இடம்

நல்ல சுற்றுச்சூழல் கல்வி காரணத்தைத் தேடிப் போகும். பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு ஏன் தேய்ந்தது? முன்பு பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்டு மண்ணின் ஈரம் ஆவியாகி, தரை தாழ்ந்து தட்டுபோல ஆனது. ஓதத்தில் ஏறிய நீர் வடியாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறியது. அங்கே எந்த விதையும் பிழைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டியது. நீர் ஏறி இறங்க வழி கிடைத்தது, உப்பு குறைந்தது, கன்றுகள் பிடித்தன. 2004 ஆழிப்பேரலையின்போது அலையாத்திக் காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. பிள்ளைகளை அந்த வாய்க்கால் ஓரத்தில் நிறுத்தி இதைச் சொன்னால், கன்று நடுவதற்கு முன்னால் அங்கிருந்த காடு ஏன் செத்தது என்று கேட்க வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கிவிடும்.

எல்லா மாவட்டத்திலும் காரணம் இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடியதாக இருப்பதில்லை. திருப்பூரில் நொய்யலைப் பற்றிப் பேச வேண்டும். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அப்பா அந்தப் பட்டறையில் வேலை செய்தவராக இருக்கலாம். பக்கத்துப் பிள்ளையின் தாத்தா அணைக்குக் கீழே நிலத்தை இழந்த விவசாயியாக இருக்கலாம். கடலோர ஊரில் இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகும் ஆமைகளைப் பற்றிப் பேசும்போது, எதிரே இருப்பவர்கள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். யாரையும் குற்றவாளியாக்காமல், உண்மையையும் மறைக்காமல் பேச வேண்டும். அந்த ஊரையும் அதன் வயிற்றுப்பாட்டையும் அறிந்தவரால்தான் அது முடியும். வெளியூரிலிருந்து ஒரு நாள் வந்து பவர்பாயின்ட் போட்டுக் காட்டுபவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

ஊரை அறிந்த கல்விக்குக் காத்திருக்கும் வேலையும் பெரியது. கடவூர் மலைப்பகுதியைச் சுற்றிய 11,806 ஹெக்டேர் காடு 2022இல் நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயமானது. அதே ஆண்டு செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அரசாணையில் பெயர் வந்துவிட்டது. தேவாங்கைக் கண்டால் ஆகாது என்ற அச்சத்தை வீட்டுக்குள்ளேயே போய்த் தீர்ப்பதும், வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விட்டுவிடும் மனதை வளர்ப்பதும் இனிமேல்தான். அந்த வேலை அங்குள்ள பள்ளிகள் வழியாக நடக்க வேண்டும். அதற்கும் ஒருங்கிணைப்பாளர் வேண்டும்.

போட்டோ, பேனர், ரிப்போர்ட்

இவ்வளவு பெரிய வேலையை நாம் எதை வைத்து அளக்கிறோம்? எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எத்தனை கன்றுகள் நட்டார்கள், பேனரோடு படம் வந்ததா. ‘ரிப்போர்ட் இன்னும் வரலையே சார்’ என்ற செய்திதான் வாட்ஸ்ஆப் குழுவில் அதிகம் வருகிறது. நட்ட கன்றில் ஓராண்டுக்குப் பிறகு எத்தனை உயிரோடு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிற நாளில் நடும் முறையே மாறிவிடும்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஒருங்கிணைப்பாளர் மாறுதலாகியோ ஓய்வுபெற்றோ போகும்போது அவருடைய அறிவும் கூடவே போய்விடுகிறது. எந்தக் கண்மாயில் எந்த மாதம் என்ன வரும், எந்த ஊர்ப் பெரியவருக்கு மூலிகை தெரியும், எந்தத் தலைமையாசிரியர் உதவுவார், எந்தப் பாதையில் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது என்பவை எந்தக் கோப்பிலும் இல்லை. புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இவற்றைச் சரிசெய்வது நம்மால் முடியாத காரியமில்லை. மாவட்ட ஒருங்கிணைப்பாளர் பணியை முழுநேரப் பணியாக்க வேண்டும். உடனே முடியாவிட்டால், வாரத்தில் பாதி நாட்களாவது வகுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள் அவரை அதே இடத்தில் வைத்திருக்க வேண்டும். சுற்றுச்சூழல் நாட்காட்டியை மாவட்டமே வகுத்துக்கொள்ளும் உரிமை தர வேண்டும்: எங்கே எப்போது நடுவது, எப்போது எண்ணுவது, எப்போது வாய்க்காலைப் போய்ப் பார்ப்பது என்பதை மழைதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கையேடு உருவாகி, ஆண்டுதோறும் வளர்ந்து, அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். போக்குவரத்துச் செலவைத் தனியாகத் தர வேண்டும். அறிக்கையில் படத்துக்கான கட்டத்தைக் குறைத்து, ஓராண்டு கழித்து மிஞ்சியது என்ன என்ற கட்டத்தைச் சேர்க்க வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. ‘படிக்கிற பிள்ளையைக் குளத்துக்குக் கூட்டிப்போறாங்களே’ என்று குறைப்படுவதற்கு முன், அந்தக் குளத்திலிருந்துதான் நம் ஊர்க் கிணறுகளுக்கு ஊற்று வருகிறது என்பதை நினைத்துப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் கூடப் போகலாம். பஞ்சாயத்துகள் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மன்றத்தைக் கிராம சபைக்கு அழைத்து, பிள்ளைகள் தங்கள் குளத்தில் கண்டதை ஊரார் முன் சொல்லச் செய்யலாம்.

தமிழகத்தில் 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒருவர் என்றால் 38 பேர். ஒரு மாநிலத்தின் சம்பளப் பட்டியலில் இது கண்ணில்கூடப் படாத எண். ஏரி, கடல், காடு, ஆறு அத்தனையும் அடுத்து யார் கைக்குப் போகின்றனவோ, அந்தத் தலைமுறைக்குத் தன் ஊரைப் படிக்கக் கற்றுத்தருபவர்கள் இந்த 38 பேர். வரும் பட்ஜெட்டிலேயே இதைச் செய்யலாம். செய்ய வேண்டும்.